இடது சக்கரத்துக் கடையாணி

1987-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 6-ந் தேதி செவ்வாய்க்கிழமை, பகல் 11 மணிக்கு, கள்ளக்குறிச்சி குற்றவியல் நடுவர் அவர்கள் முன்னிலையில், அழைப்பு இல்லாமல் தானே வந்து சொன்னது. சொன்னபடி எழுதப்பட்டது.

என் பெயர் கொளஞ்சியப்பன். தகப்பனார் பெயர் இருசப்பன், காலமாகிவிட்டார். எனக்கு வயது 47. தென்னாற்காடு மாவட்டம், கள்ளக்குறிச்சி தாலுக்கா, கச்சிராயபாளையம் அஞ்சல், ஓடைக்காட்டுக் கொட்டாயில் குடியிருக்கிறேன். மூன்று ஏக்கர் நிலம், ஒரு பம்புசெட்டு, ஒரு ஜோடி மாடு உண்டு. ஒரு வண்டியும் உண்டு. அந்த வண்டியைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன்.

போலீசார் யாரும் என்னை அழைத்து வரவில்லை, அடிக்கவில்லை, ஆசை காட்டவில்லை. டவுன் பஸ்ஸில் நானே வந்தேன், டிக்கெட் சட்டைப்பையில் இருக்கிறது. நேற்றும் இதே போல வந்தேன். நான் சொல்வது எனக்கு எதிராகவே திரும்பும், சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வா என்று நடுவர் அய்யா அனுப்பிவிட்டார். போனேன், யோசித்தேன், வந்துவிட்டேன். யோசிப்பதற்கு ஒரு நாள் முழுக்கத் தேவைப்படவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளலாம்.

சென்ற செப்டம்பர் மாதம் 4-ந் தேதி வெள்ளிக்கிழமை காலை சுமார் பத்து மணிக்கு நானும் என் மனைவி சின்னப்பொண்ணுவும் நிலக்கடலைக் காட்டில், எங்கள் பேச்சில் மல்லாட்டைக் காட்டில், களை எடுத்துக்கொண்டிருந்தோம். அப்போது கல்வராயன் மலைப் பக்கமிருந்து ஒரு போர் விமானம் வந்தது. இப்போதெல்லாம் வாரத்துக்கு ஒன்றிரண்டு வருவது வழக்கம். சத்தம் பின்னால் வரும், விமானம் முன்னால் போய்விடும், அதனால் நான் சத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் பார்க்கப் பழகியிருந்தேன். அன்றும் அப்படியே பார்த்தேன். அதன் வயிற்றிலிருந்து வெள்ளியாய் ஒன்று பிரிந்து, தலைகீழாய்ப் புரண்டு, எங்கள் காட்டைத் தாண்டி வறண்ட ஏரிக்குள் விழுந்தது. விமானம் அசையாமல் நேராய்ப் போய்விட்டது. யாருக்கும் அடி இல்லை.

அதன் பிறகு ஊரே ஏரிக்கு ஓடியது, நானும் ஓடினேன். இரண்டு ஆள் நீளத்துக்கு, இரண்டு முனையும் கூராய், நடுவில் நசுங்கிக் கிடந்தது. வாலில் சின்னச் சின்ன இறக்கை இருந்தது. மண்ணெண்ணெய் வாசம் அடித்தது. யாரும் பீடி பற்ற வைக்காதே என்று நான்தான் கத்தினேன். கிராம நிர்வாக அதிகாரி வந்து, போலீசார் வந்து, மறுநாள் பெங்களூரிலிருந்து பெரிய லாரி வந்து அதை எடுத்துப் போனார்கள். விழுந்த அன்று நான் சாயங்காலம் வரை ஏரியில் வேடிக்கை பார்த்தேன். சின்னப்பொண்ணு மட்டும் வரவில்லை. அவளுக்குக் களை பாக்கி இருந்தது. மறுநாள் சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் அவள் உளுந்தூர்பேட்டைக்குப் போய்விட்டாள். எங்கள் மூத்த மகள் செவ்வந்திக்கு அங்கே பிரசவ நேரம். இதைக் குறித்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

அதன் பிறகு 9-ந் தேதி பதினோரு பேர் ஜீப்பிலும் வேனிலும் வந்தார்கள். பெரிய அதிகாரி வடக்கத்திக்காரர், மீசை வைத்தவர், தமிழ் தெரியாது. அவர்களோடு அறிவுச்செல்வன் என்ற தம்பி வந்திருந்தான். வயது இருபத்தொன்பது, விமானத்தில் ஃபிட்டர் வேலை. சின்னசேலம் ரயிலடிக்குப் பின்னால் உள்ள தெருதான் சொந்த ஊர் என்று தெருப் பெயரையும் சொன்னான். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. வெயிலில் வந்தவனுக்குச் சொம்பில் தண்ணீர் நீட்டினேன், அவன் கையைக் குவித்தான். சொம்பிலேயே குடி என்றேன். குடித்தான்.

அவர்கள் தேடி வந்தது ஒரு பூட்டு ஊசி. ஆள்காட்டி விரலைவிடக் கொஞ்சம் நீளம், சுண்டுவிரல் கனம், ஒரு முனையில் ஓட்டை, அதில் கம்பி. விழுந்தது விமானத்தின் எண்ணெய் டேங்க் என்றும், அதைத் தாங்கும் கொக்கியைப் பூட்டுவது அந்த ஊசி என்றும், ஊசி தானாகக் கழன்றுவிடாதபடி அதன் ஓட்டையில் கம்பி கோத்து முறுக்கிவிடுவார்கள் என்றும் அறிவுச்செல்வன் விளக்கினான். விமானம் முப்பது வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டுக்காரன் வரைந்தது. அதில் இப்போது நம் ஆட்கள் புதுக் கருவி வைக்கிறார்கள், இறக்கைக்குள் ஒயர் மாற்றுகிறார்கள், பழைய டேங்க்கை எடுத்துவிட்டு இங்கேயே செய்த பெரிய டேங்க் மாட்டுகிறார்கள்.

"முன்ன முக்கா மணி நேரம் பறந்துட்டு எறங்கிடுங்கண்ணே. இப்ப அரை மணி ஜாஸ்தி பறக்கும். பழைய வண்டிதான், ஆனா உள்ள எல்லாம் புதுசு. இதுல கை பழகிட்டம்னா, பொறவு முழு விமானமும் நம்பளே செய்யலாம்" என்றான்.

அவர்கள் தேடிய விதத்தை நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை. என் காட்டையும் பக்கத்துக் காடுகளையும் நூல் கட்டிச் சதுரம் சதுரமாய்ப் பிரித்தார்கள். ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு நம்பர். ஒருவர் தேடிய சதுரத்தை இன்னொருவர் மறுபடி தேடி, இரண்டு பேரும் நோட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்தது. நிலக்கடலைக் காய் மண்ணுக்குள் இறங்கும் நேரம் என்று நான் சொன்னதும், பெரிய அதிகாரி பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வரப்பு வரப்பாய் நடந்தார். பதினோரு பேர் நான்கு நாள் நடந்தும் என் காட்டில் ஒரு செடி ஒடியவில்லை. மலை மேலிருந்து கடுக்காய் பொறுக்குகிற இரண்டு பேரும் கண் கூர்மைக்காக வந்தார்கள். நானும் சேர்ந்து தேடினேன். பிள்ளை பெற்றவளுக்கு இருக்கிற பொறுமை அந்த ஆட்களிடம் இருந்தது. ஒரு விரல் நீள இரும்புக்காக இப்படி ஒரு கூட்டம் மண்ணைச் சலிக்கிறது என்றால், அவர்கள் செய்கிற விமானத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவேன். என்னை யாரும் ஏற்றப்போவதில்லை, அது வேறு விஷயம்.

என் வண்டி அந்த நான்கு நாளும் பம்புசெட்டுக் கொட்டாய் ஓரமாகவே நின்றது. அறுவடை வராததால் வண்டிக்கு வேலை இல்லை. தேட வந்தவர்கள் சாப்பாட்டுப் பைகளை அதன் நுகத்தடியில்தான் மாட்டினார்கள். அறிவுச்செல்வன் அதன் இடது சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துதான் சாப்பிட்டான்.

மூன்றாம் நாள் சாப்பிடும்போது அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். அந்த ஊசியை மாட்டியவன் தான்தான் என்றான். ஊசி கிடைத்து, ஓட்டையில் அறுந்த கம்பி இருந்தால், அவன் பூட்டியது உண்மை. அப்படியானால் பெரிய டேங்க்கின் உதறலுக்கு அந்தக் கம்பி தாங்கவில்லை என்று ஆகும், கனமான கம்பி போட வேண்டும் என்று எல்லா விமானத்துக்கும் வரைபடத்தை மாற்றுவார்கள். ஊசி கிடைக்காவிட்டால், ஊசியே மாட்டவில்லை என்றுதான் எழுதுவார்கள். அவன் வேலை போகும். எல்லா விமானத்திலும் அதே மெல்லிய கம்பி இருக்கும்.

"என் வேலை போனா போவுதுண்ணே, எங்கப்பா இதே மாதிரி காட்டுல மல்லாட்டை புடுங்கித்தான் என்னைப் படிக்க வெச்சாரு, எனக்கும் புடுங்கத் தெரியும். ஆனா, 'கோட்டாவுல வந்தவன் கை வேலை இப்படித்தான் இருக்கும்'னு இப்பவே ரெண்டு பேரு பேசிக்கினு இருக்காங்க. அதான் சோறு எறங்க மாட்டேங்குது."

அடுத்த வாரம் இட ஒதுக்கீடு கேட்டு ஏழு நாள் சாலை மறியல் என்று எங்கள் ஊரில் எல்லாம் பேசி முடிவாகியிருந்தது. என் சின்ன மகள் எழில்மதி பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள், பாலிடெக்னிக் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். அவளுக்காகத்தான் நானும் போகிறேன் என்று அவனிடம் சொன்னேன்.

"போங்கண்ணே, கேளுங்க. உங்க பொண்ணு வந்தாலும் இதே பேச்சைத்தான் கேக்கும். ஆனா வரட்டும்" என்றான். அதன் பிறகு சோறு சாப்பிட்டான்.

அவன் பீச்சாங்கைக்காரன். எல்லோரும் கம்பியை வலது பக்கமாய் முறுக்குவார்கள், அவன் முறுக்கு இடது பக்கமாய் ஓடும், முனையை உள்ளே மடித்துவிடுவான். கை பட்டால் கீறாது. பம்புசெட்டுக் கதவின் கொண்டி ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்து, சட்டைப்பையிலிருந்து கம்பி எடுத்து அப்படி முறுக்கிக் கட்டிக் கொடுத்தான். அதன் பிறகு கதவு ஆடவில்லை. ஒரு விமானத்தில் இப்படி எத்தனை இருக்கும் என்று கேட்டேன். ஆயிரக்கணக்கில் என்றான். ஒவ்வொன்றுக்கும் மாட்டியவர் ஒரு கையெழுத்து, பார்த்தவர் ஒரு கையெழுத்து. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். என் வண்டியைத் தட்டி, "இதுல இருக்கற ஒவ்வொரு ஆணியும் எனக்குத் தெரியும் தம்பி, கையெழுத்தெல்லாம் வேணாம்" என்றேன். அவன் சிரித்தான். இதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும்.

12-ந் தேதி சனிக்கிழமை ஊசி கிடைக்காமலேயே அவர்கள் திரும்பிப் போனார்கள். அறிவுச்செல்வன் என் முகவரியை எழுதிக்கொண்டான்.

அதன் பிறகு 17-ந் தேதி மறியல் தொடங்கியது. அன்று விடிந்ததும் கச்சிராயபாளையம் சாலையில் மறியலுக்கு வெட்டிச் சாய்த்த புளியமரம் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில், மிச்சமிருந்த இடைவெளியில் என் வண்டியைக் குறுக்கே நிறுத்தினேன். பஞ்சாயத்து நம்பர் தகட்டை முன்கூட்டியே பிடுங்கிவிட்டேன். ஒரே ஆள் எப்படி வண்டியைக் கொண்டுவந்தாய் என்று நடுவர் அய்யா கேட்கிறார். எனக்கு மாடு இருக்கிறது. கூட இருந்தவர்கள் பெயரைக் கேட்கிறார். நான் என் வண்டியைப் பற்றி மட்டும் சொல்ல வந்தேன். நாங்கள் இட ஒதுக்கீடு கேட்டது நியாயம் என்று இன்றைக்கும் நம்புகிறேன், சாலையை மறித்தது நான் என்பதையும் மறைக்கவில்லை.

20-ந் தேதி போலீசார் வந்தபோது எல்லோரும் கரும்புக்குள் ஓடினோம். வண்டியைக் கைப்பற்றிக் கொண்டுபோனார்கள். அதன் பிறகு ஊருக்கு வந்து யார் வண்டி என்று வீடு வீடாகக் கேட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. என்னையும் கேட்டார்கள். எனக்கும் தெரியவில்லை. அந்தப் பொய்யை இப்போது திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

30-ந் தேதி அறிவுச்செல்வனின் கடிதம் வந்தது. தபால் நின்றுபோயிருந்ததால் தாமதம். விசாரணை அக்டோபர் 9-ந் தேதி என்றும், பெரிய அதிகாரி மட்டும் தன் பக்கம் நிற்கிறார் என்றும், கையில் பொருள் இல்லாமல் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது என்றும் எழுதியிருந்தான். கடைசி வரியில், 'நிலக்கடலை எப்படி இறங்கியிருக்கிறது, செடி ஏதும் மிதிபட்டிருந்தால் மன்னிக்கவும்' என்று இருந்தது. கடிதத்தை நடுவர் அய்யாவிடம் கொடுத்திருக்கிறேன்.

அதன் பிறகு அக்டோபர் 3-ந் தேதி சனிக்கிழமை சின்னப்பொண்ணு ஊர் திரும்பினாள். மகளுக்கு ஆண் குழந்தை. சாலை மூடியதில் மாட்டிக்கொண்டு ஒரு மாதம் அங்கேயே இருந்துவிட்டாள். வந்தவள் பையை வைப்பதற்கு முன்னால் கொட்டாய் ஓரத்தைப் பார்த்துவிட்டு, "வண்டி எங்கய்யா?" என்று கேட்டாள்.

"போலீசு இஸ்துக்கினு போயிட்டாங்க."

"நல்லா இருக்குது. எடது சக்கரத்துக்கு நான் புதுக் கடையாணி போட்டு வெச்சேன், அதுவும் சேர்ந்து போச்சா?"

"இன்னா கடையாணி?" என்று கேட்டேன்.

"டேங்கு வுழுந்த அன்னிக்கு மல்லாட்டை வரிசையில பளபளன்னு கெடந்துச்சு. கரும்பு லாரியில இருந்து வுழுந்திருக்கும்னு நெனைச்சேன். ஓட்டையில கம்பி முறுக்கிகினு இருந்துச்சு, புடுங்கிப் பார்த்தேன் வர்ல. அப்படியே மை தடவி சொருவிட்டேன். நீதான் ரெண்டு மாசமா அந்த வளைஞ்ச போல்ட்டை வெச்சிக்கினு காலம் தள்ளிக்கினு இருந்தியே. நானும் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு."

சக்கரம் கழன்று ஓடாமல் அச்சின் முனையில் நிற்பதுதான் கடையாணி. அது தேய்ந்தால் கையில் கிடைத்த இரும்பைச் செருகுவது எங்கள் பக்கத்து வழக்கம். யாரும் அதற்குக் கையெழுத்துப் போடுவதில்லை. மேலே அச்சுக்குத் தடவும் வண்டி மை அப்பியிருந்ததால், வண்டியைப் போலீசார் கொண்டுபோகும் வரை நான் அதைக் கவனிக்கவில்லை. பதினோரு பேர் நூல் கட்டித் தேடிய பொருளின் மேல், அதை மாட்டியவனே முதுகைச் சாய்த்துக்கொண்டு, சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். நான் அவனுக்கு ஆணியைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். அன்று நானும் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊரில் மூத்தவரான கந்தசாமி அண்ணனிடம் மட்டும் போய்ச் சொன்னேன். இவர் மறியலுக்கு வரவில்லை, காலில் கட்டு, அதனால் பெயரை எழுதுவதில் தவறில்லை.

"ஒரு ஆணிக்காக நீ உள்ள போவியா? வண்டி உன்னுதுன்னு சொன்னா ஊரையே நோண்டுவாங்கடா. மல்லாட்டை புடுங்க இன்னும் பத்து நாளு கூட இல்ல. எவனோ ஒருத்தன், அதுவும் அந்தத் தெருப் பையன்" என்றார்.

"அதுக்குத்தாண்ணே போறேன்" என்றேன். அவர் காலில் இருந்த கட்டை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். அதன் பிறகு, நான் திரும்பி வரும் வரை என் காட்டுக்கு ஆள் விட்டு நிலக்கடலை பிடுங்கிக் கொடுப்பதாகச் சொன்னார். முணுமுணுத்துக்கொண்டேதான் சொன்னார்.

ஆகவே, காவல் நிலைய வளாகத்தில் வேப்பமரத்தடியில் நிற்கும், உரிமையாளர் தெரியாத மாட்டு வண்டி என்னுடையது. ஆயுத பூஜைக்கு அங்கே உள்ள ஜீப்புக்குப் பொட்டு வைத்தவர்கள் என் வண்டிச் சக்கரத்தின் நடுக் குடத்திலும் பொட்டு வைத்திருக்கிறார்கள், கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன், அதற்கு நன்றி. இடது சக்கரத்தின் கடையாணியைச் சாட்சிகள் முன்னிலையில் எடுக்க வேண்டும். சுத்தியலால் அடிக்கக் கூடாது, கையால் ஆட்டி எடுத்தால் வரும். ஓட்டையில் இருக்கும் கம்பியைத் தொடக் கூடாது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பம்புசெட்டுக் கதவில் அறிவுச்செல்வன் கட்டிய கம்பியை முறுக்கு கலையாமல் வெட்டிக் கொண்டுவந்து இத்துடன் கொடுத்திருக்கிறேன். ஆணியை எடுத்தால் சக்கரம் நிற்காது என்பதால் பழைய வளைந்த போல்ட்டையும் கொண்டுவந்திருக்கிறேன்.

கம்பி அங்கே இல்லாவிட்டால் என்ன செய்வாய், வீணாக மாட்டிக்கொள்வாயே என்று நடுவர் அய்யா கேட்டார். இல்லாவிட்டாலும் வண்டி என்னுடையதுதான் என்று சொன்னேன்.

இந்த இடத்தில் எழுதுவது நிறுத்தப்பட்டு, நடுவர் அவர்களும் எழுத்தரும் இரண்டு சாட்சிகளும் நானும் காவல் நிலையத்துக்குப் போய், பகல் 1.20-க்குத் திரும்பி வந்த பிறகு தொடர்ந்து எழுதப்படுகிறது.

ஆணி கையால் ஆட்டியதில் வந்துவிட்டது. வளையவில்லை, தேயவில்லை. எழுத்தர் தன் துண்டாலேயே மையைத் துடைத்தார். ஓட்டையில் கம்பி இருந்தது. ஒரு முனை அறுந்திருந்தது, இன்னொரு முனை உள்ளே மடிந்திருந்தது. நான் கொண்டுவந்த கம்பியையும் அதையும் நடுவர் அய்யா பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டின் முறுக்கும் இடது பக்கமாக ஓடியது. "எவ்வளவு சுத்தமான வேலை" என்று நடுவர் அய்யா சொன்னார். அதையும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன், எழுதப்பட்டது. எனக்குக் கண் கலங்கியது, மை பட்ட கையால் துடைத்ததில் எரிந்தது.

ஆணியும் கம்பியும் முத்திரையிட்ட உறையில் இன்று மாலை பஸ்ஸிலேயே ஆள் மூலம் பெங்களூருக்குப் போகும் என்று நடுவர் அய்யா உத்தரவு போட்டிருக்கிறார். என்னைப் பற்றிய உத்தரவை நான் இன்னும் கேட்கவில்லை. அது எப்படி இருந்தாலும் சரி.

ஒரே ஒரு கோரிக்கை. அவர்கள் வேலை செய்யும் இடத்தில் ஒவ்வொரு ஆணிக்கும் அது யார் பொறுப்பில் இருந்தது என்று கையெழுத்து இருக்கும். இந்த ஆணிக்குச் செப்டம்பர் 4-ந் தேதி வரை அறிவுச்செல்வனின் கையெழுத்து இருக்கிறது. அதன் பிறகு முப்பத்திரண்டு நாள் காலியாக இருக்கிறது. அந்த நாட்களுக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன், அதையும் உறையில் சேர்த்து அனுப்ப வேண்டும்.

இதில் உள்ளதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பொய் ஒன்றும் இல்லை, ஏற்கனவே சொன்ன பொய் ஒன்றைத் திருத்தியிருக்கிறேன்.

இ. கொளஞ்சியப்பன்
வண்டிக்கும், ஆணிக்கும்.